பாதியில் நிற்கும் பாவு

மேடைக்கு என் வணக்கம். மேடை என்று சொல்லிவிட்டேன். நம் சங்கத்தின் நூல் கிடங்கில் மூட்டை இறக்கி வைக்கிற பலகைகளைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரு விரிப்பை விரித்திருக்கிறோம், அவ்வளவுதான். அதன் மேல் அமர்ந்திருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, மறைந்த அம்மையாரின் மகனே, மருமகளே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் உறவுகளே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் என் நகங்களைப் பாருங்கள். நீலம் ஏறியிருக்கிறதே, அது நோயல்ல. நான் இந்த ஊரின் சாயக்காரன். ஏன் சாயக்காரனைப் பேச வைத்தார்கள்? தலைவர் நன்றாகப் பேசுவார். தலைமையாசிரியர் அதைவிட நன்றாகப் பேசுவார். எப்போது முடிப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. இருந்தும் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். காரணம், மறைந்த நம் முடிச்சக்காவோடு கடைசி வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் அவரிடம் எப்போதோ தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. முடிச்சக்கா தன் வீட்டுத் தறியில் ஒரு பாவைப் பாதி இணைத்த நிலையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்தத் தெருவில் எல்லோரும் அதைப் போய்ப் பார்த்தாயிற்று. அதை அறுத்துவிடுவதா? அப்படியே நினைவாக வைப்பதா? யாராவது உட்கார்ந்து முடிப்பதா? இது ஒரு வீட்டுக் காரியம்தான். ஆனால் அந்த வீட்டார் எடுத்த முடிவை இந்தக் கூட்டத்தில் நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். சொல்கிறேன். ஆனால் அவர் யார் என்று சொல்லாமல் அதைச் சொன்னால், இங்கே பாதிப் பேருக்கு அது ஏதோ நூல் விஷயமாகத்தான் படும்.

தறியைப் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். துணியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வோர் இழையும் விழுது என்கிற நூல் கண்ணிக்குள் நுழைந்து, அச்சு என்கிற சீப்பின் பல்லிடுக்கு வழியாக வெளியே வர வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் துணி முழுக்கக் கோடு விழும். ஒரு புதுத் தறியில் இதைக் கோத்து முடிப்பதற்குள் கோக்கிறவருக்கு முதுகு ஒடிந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவருக்குப் பொறுமை ஒடிந்துவிடும். அதனால் ஒரு பாவு நெய்து முடிகிறபோது நூலை முழுதாக உருவிவிட மாட்டோம். அச்சிலும் விழுதிலும் கொஞ்சம் மிச்சம் விட்டு வைப்போம். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் பழைய மிச்சத்தில் அதற்குரிய இழையோடு சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தவர்தான் முடிச்சக்கா. தன் வீட்டுக்கு மட்டுமல்ல, இந்த ஊரில் தறி இருந்த அத்தனை வீட்டுக்கும்.

பெயர்தான் முடிச்சக்கா. வாழ்நாளில் ஒரு தறியில்கூட அவர் முடிச்சுப் போட்டதில்லை. முடிச்சுப் போட்டால் அது அச்சின் பல்லில் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலில் துளி சாம்பலைத் தொட்டுக்கொள்வார். இரண்டு நுனியையும் ஒன்றாகப் படுக்க வைப்பார். ஓர் உருட்டு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான். இழுத்தால் வராது, தடவினால் தெரியாது. வெளியூர் நூல் வியாபாரி ஒருவர் விஷயம் தெரியாமல் 'முடிச்சுப் போடுற அக்கா வீடு எது' என்று தெருவில் விசாரித்திருக்கிறார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். 'முடிச்சே போடாதவளுக்கு முடிச்சக்கான்னு பேரு. நல்ல ஊருப்பா' என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வயதில் என்னைவிட இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வேறு மாதிரி கூப்பிட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடக்கமானவர் என்று யாராவது இங்கே பேசிவிடப் போகிறார்களே என்று எனக்கு பயமாக இருக்கிறது. முடிச்சக்கா அடக்கமானவரா? தன் கை வேலையைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் இந்தக் கிடங்குக்குள் அடங்காது. நான் சாயம் போட்டு அனுப்பிய நூலைத் தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பி அனுப்பியிருக்கிறார். 'அண்ணே, இந்தக் கறுப்பு மொறமொறன்னு இருக்கு. திரிச்சா ஒடியுது. சாயம் போட்டீங்களா, பொரிச்சு எடுத்தீங்களா?' அவர் சொன்னது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். பாதி நாள் சரியாக இருந்தது. மீதி நாள் அவருக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன்.

அவருடைய கணவரை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல நெசவாளி, நல்ல மனிதர், ஆனால் எதிலும் ஓர் அவசரம். ஒரு முறை தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக அக்கா வெளியூர் போயிருந்த சமயத்தில் வீட்டில் புதுப் பாவு வந்து இறங்கியது. 'இதுக்குப் போய் அவ வர வரைக்கும் உட்கார்ந்திருக்கணுமா' என்று மனிதர் தானே உட்கார்ந்தார். திரித்துப் பார்த்தார், வரவில்லை. சரி, முடிச்சுப் போட்டால் இன்னும் பலமாகத்தானே இருக்கும்? ஒவ்வோர் இழைக்கும் அழகாக, இறுக்கமாக, முடிச்சு. எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நாங்களும் தலையாட்டினோம். பிறகு தறியில் உட்கார்ந்து மிதித்தார். அத்தனை முடிச்சும் அச்சின் பல்லில் வரிசையாக வந்து நின்றன. அவரும் விடவில்லை, ஓங்கி ஒரு மிதி மிதித்தார். நூல் அறுந்த சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டது.

அக்கா திரும்பி வந்தார். பார்த்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறோம், இன்றைக்கு ஒரு பெரிய சண்டை இருக்கிறது என்று. அவர் கணவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: 'நல்லா கட்டியிருக்கீங்க. மாடு கட்டலாம்.' அவ்வளவுதான். உட்கார்ந்தார், அறுந்ததையெல்லாம் இடம் பார்த்துப் பிரித்தார், ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்த்தார். அந்தப் பாவில் நெய்த போர்வையில் ஒரு கோடு விழவில்லை. கணவர் தன் கடைசிக் காலம் வரை இந்தக் கதையை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தானே சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு ஒரு நாள் நான் நூல் கொடுக்கப் போயிருந்தேன். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார்.

'அண்ணே, இந்தத் தறியில நூல் எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?'

'இந்தப் பாவா? போன மாசம் நான்தானே சாயம் போட்டேன்.'

'பாவைக் கேக்கல. நூலைக் கேக்கறேன். இதை நான் போன பாவுல சேர்த்திருக்கேன். அதை அதுக்கு முந்தின பாவுல சேர்த்தேன். நான் வர்றதுக்கு முன்னாடி என் மாமியார் சேர்த்தாங்க. அவங்க வந்தப்பவே ஓடிட்டு இருந்துச்சாம். முன்னாடி துணியைத்தான் அறுக்கறோம். பின்னாடி நூலை யாருமே அறுத்து விட்டதில்ல. தானா அறுந்தாலும் சேர்த்துடறோம்.'

நண்பர்களே, நான் பிறந்ததிலிருந்து நூலோடு கிடப்பவன். என் அப்பாவும் சாயக்காரர். எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. யார் முதலில் கோத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு நூல் அந்தச் சின்ன அறையில், ஒரு ஜன்னல் வெளிச்சத்தில், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்சிகள் மாறின, வெள்ளம் வந்து போனது, அந்த வீட்டில் எத்தனையோ பேர் பிறந்தார்கள், எத்தனையோ பேர் போனார்கள். அறுந்தாலும் சேர்ந்துகொண்டது, ஒருவர் கையிலும் அது முடிந்துபோகவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க, 'சரி சரிக்கா, நூலை எண்ணி வாங்குங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். நாம் ஒரு போர்வை நெய்து முடிப்பதற்குள் மில்லில் ஒரு லாரி போர்வை ஏற்றிவிடுகிறார்கள். சந்தையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாங்குகிறவர் எதை எடுப்பார்? நானே எதை எடுத்தேன்? என் வீட்டுக் கட்டிலில் இருப்பதை யாரும் வந்து பார்க்க வேண்டாம். இந்தக் கிடங்கில் கூரை வரைக்கும் நூல் அடுக்கியிருந்தோம். இன்று அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் பின் ஒருவராக ஓட்டுநராகப் போனோம், காவலாளியாகப் போனோம், தையல் ஆலைக்குப் போனோம். யாரையும் குறை சொல்ல முடியாது. வயிறு கேட்கிறது, பிள்ளைகள் படிக்க வேண்டும். தறி இருந்த குழியை மூடி, தரையைச் சமமாக்கி, கட்டில் போட்டோம், டிவி வைத்தோம்.

ஒரு வீட்டில் தறியை நிறுத்துகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், முடிச்சக்கா அங்கே போய் நிற்பார். வீட்டுக்காரர்கள் நடுங்குவார்கள், திட்டப் போகிறார் என்று. திட்டவே மாட்டார். 'போறீங்களா? போய் நல்லா இருங்க. மரத்தை வித்துக்கோங்க, மரம் எங்கேயும் கிடைக்கும். அச்சையும் விழுதையும் மட்டும் அறுக்காம கழட்டுங்க.' தானே உட்கார்ந்து, அச்சு, விழுது, அதில் மிச்சமிருக்கும் நூல் எல்லாவற்றையும் அப்படியே எடுப்பார். இழை கலையாதபடி இரண்டு பக்கமும் குச்சி செருகிக் கட்டுவார். பழைய துணியில் சுருட்டி அந்த வீட்டு விட்டத்திலேயே தொங்கவிடுவார். 'இது இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காரணம் சொல்ல மாட்டார்.

ஊர் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். தறியை விட்டுத் தையலுக்குப் போன ஒருவர் வீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டார் விட்டத்தைப் பார்த்துவிட்டு, 'என்ன, தொட்டில் கட்டி வச்சிருக்கீங்க, விசேஷமா?' என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துப்போன வீட்டம்மா 'ஆமா' என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஊரெல்லாம் அவருடைய மருமகளை விசாரித்தது.

நான் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். 'ஏன்க்கா, போறவன் போறான். தறியே இல்லாத வீட்டுல நூலைத் தொங்கவிட்டு யாருக்கு என்ன லாபம்?'

அவர் சொன்னார்: 'அண்ணே, ஒரு தறியைப் புதுசா கோக்கத் தெரிஞ்சவ இப்போ நான் ஒருத்திதான் இருக்கேன். என் கண்ணு போயிட்டா என்ன செய்வீங்க? நூல் அறுபடாம இருந்தா கோக்கவே வேணாம். திரிக்கத் தெரிஞ்சா போதும். திரிக்க யாருக்குத் தெரியாது? காது குடையறவன்கூடத் துணியைத் திரிச்சுத்தான் விடறான். நான் இல்லாமலே நடக்கணும்ண்ணே.'

நான் இல்லாமலே நடக்க வேண்டும்! சபையோரே, இந்த வார்த்தையை நம்மில் யார் சொல்லியிருக்கிறோம்? நான் போய்விட்டால் இந்தச் சாயத்தொட்டி என்ன ஆகுமோ பார்க்கலாம் என்றுதான் நான் இத்தனை நாள் மிதப்பாக இருந்திருக்கிறேன். நம் சங்கத்தில் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒருவருக்கு எத்தனை வருடம் பிடிக்கிறது? தலைவர் சிரிக்கிறார். நான் பொதுவாகச் சொன்னேன். ஆனால் கர்வத்தில் இந்த ஊரையே விஞ்சிய ஒரு பெண், தன் வித்தை தன்னோடு போகும் என்று தெரிந்ததும் என்ன செய்தார்? அந்த வித்தையே தேவைப்படாதபடி, மூடிப்போன ஒவ்வொரு வீட்டிலும் வேலையை முடித்து வைத்துவிட்டுப் போனார். இதற்கு என்ன பெயர் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. நினைக்க நினைக்கப் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அது வெறும் நம்பிக்கைதானே என்று கேட்பீர்கள். அந்த ஜன்னல் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, நம் வாட்ச்மேன் தம்பி, அவரைக் கேளுங்கள். செருப்பு ஆலையில் காவலுக்கு இருந்தார். ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, விட்டத்திலிருந்து மூட்டையை இறக்கினார். ஒரு மூலையில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மற்றபடி நூல் நூலாகவே இருந்தது. யாரோ விற்காமல் போட்டு வைத்திருந்த தறி மரங்களைக் கேட்டு வாங்கிப் பூட்டினார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

'அக்கா, ரெண்டு இழை நீங்க போட்டுக் காட்டுங்களேன்.'

'கை வலிக்குதுப்பா.'

பொய். அன்று காலையில்தான் அந்தக் கையால் என் பட்டறைக் கதவைத் தட்டி எழுப்பிவிட்டுப் போயிருந்தார். தம்பி தானே திரித்தார். ஒன்று தடிமன், ஒன்று நொய்வு, ஒன்று பாதியில் பிரிந்தது. மறுபடி திரித்தார். கடைசியில் தறி ஓடியது. முதல் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: 'கரடுமுரடா இருக்கு. ஆனா ஓடுது.' அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தம்பிக்கு வேறு வேலை கிடைத்தது, மறுபடி போய்விட்டார். நாங்கள் வருத்தப்பட்டோம், அவரிடம் கொஞ்சம் கோபமும் பட்டோம். அக்கா மட்டும் கோபப்படவில்லை. போய் அந்த அச்சையும் விழுதையும் நூலோடு சுருட்டி அதே விட்டத்தில் மறுபடி தொங்கவிட்டார். 'அவன் வருவான்னாலும் இருக்கட்டும், வரமாட்டான்னாலும் இருக்கட்டும்' என்றார். தம்பி, தலை குனியாதே. உன்னைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே திரித்தார். மருமகள் நெய்கிற தறிக்குப் புதுப் பாவு வந்திருந்தது. இடது கோடியிலிருந்து ஆரம்பித்தார். நடுப்பகுதிக்கு வந்ததும், 'கொஞ்சம் சாயறேன்மா' என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலில் சாம்பல் அப்படியே இருந்தது.

அந்தப் பாவைத்தான் அன்றிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மகன் லாரி ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். என்னிடம் வந்து உடைந்துபோய் நின்றார். 'மாமா, அறுத்துடலாம். எழுந்தா அதுதான் கண்ணுல படுது. அம்மா தண்ணி குடிக்கப் போயிருக்காங்க, இப்போ வந்துடுவாங்கன்னே தோணுது. என்னால முடியல.' இதைக் கேட்டுவிட்டு அறுக்காதே என்று யார் சொல்வது? தலைமையாசிரியர், அப்படியே கண்ணாடிப் பெட்டி செய்து மூடிவைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றார். நல்ல எண்ணம்தான் ஐயா. ஆனால் பாதியில் நின்ற வேலையைப் பூட்டிவைத்து எல்லோருக்கும் காட்டினோம் என்றால் முடிச்சக்கா நம்மைச் சும்மா விடுவாரா?

அடுத்து மருமகள். நெய்கிறவர் அவர்தான். இந்த ஊரில் இன்றைக்கு ஓடுகிற தறிகளை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம், அதில் ஒன்று அவருடையது. அது நின்றால் அவருக்கும் தையல் ஆலை பஸ்தான். ஆனாலும் அவர் அந்தப் பாவைத் தொடவில்லை. நான் மெதுவாகக் கேட்டேன். 'பயமா இருக்கு மாமா. அத்தை திரிச்சதும் நான் திரிச்சதும் பக்கத்துல பக்கத்துல கிடக்கும். அந்த இடம் காலம் பூரா கண்ணை உறுத்துமே' என்றார். அந்த பயம் நியாயமானது. அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைக்க யாருக்குத்தான் பயம் வராது?

அந்த வீட்டின் முடிவைச் சொல்வதற்கு முன்னால், நம் முடிவு என்ன? நம்மில் பல வீடுகளில் விட்டத்தில் அந்த மூட்டை இன்னும் தொங்குகிறது. எல்லோரும் தறிக்குத் திரும்பி வாருங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்கிறவனுக்குச் சோறு போடும் பொறுப்பும் வேண்டும். கேட்பது ஒன்றுதான். வீடு இடித்துக் கட்டினாலும், ஊர் விட்டு ஊர் போனாலும், அந்த நூலை அறுக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். எலி கடிக்காமல், ஈரம் படாமல் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். கை தட்ட வேண்டாம், வீட்டுக்குப் போய் ஏணி போட்டு அந்தத் தூசியைத் தட்டுங்கள். எவர் வந்து கேட்டாலும் அவர் நூலுக்குச் சாயம் போட்டுத் தர என் தொட்டி காத்திருக்கும். இது நான் அக்காவுக்குக் கொடுக்கும் வாக்கு.

இனி அந்த வீட்டு முடிவு. இன்று காலையில் இவர்களை அழைத்து வரலாம் என்று போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. மருமகள் தறியில் உட்கார்ந்திருந்தார். அறுத்துவிடலாம் என்று சொன்ன மகன் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிக்கிற அந்தப் பெரிய கையால் இழையை ஒவ்வொன்றாகப் பிரித்து மனைவியிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் விரலிலும் சாம்பல். வலது கோடியில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

'முடிக்கறதுன்னு சொல்லிடுங்க மாமா' என்றார் மகன்.

நான், 'அக்கா எதுவரைக்கும் போட்டிருந்தாங்க?' என்று கேட்டேன்.

மருமகள் திரும்பிப் பார்த்தார். விரலால் தடவிக்கொண்டே நடுப்பகுதிக்குப் போனார். நின்றார். கொஞ்சம் பின்னால் வந்தார். மறுபடி முன்னால் போனார். மகனும் குனிந்து தேடினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன்.

'தெரியல மாமா' என்றார் மருமகள். 'அத்தை நிறுத்தின இடம் எங்களுக்கே தெரியல.'